எந்தக் கர்ணன் சார்?

கே.கே. நகரில் எது வேண்டுமானாலும் கிடைக்கும். ராத்திரி பதினோரு மணிக்குச் சுடச்சுடப் பரோட்டா கிடைக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு அருகம்புல் ஜூஸ் கிடைக்கும். கையில் கதையோடு ஓர் உதவி இயக்குநர் எந்த டீக்கடையிலும் கிடைப்பார். எனக்குக் கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். கவசம்! அதற்காக ஐந்து ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன்.

யாருக்குக் கவசம் என்கிறீர்களா? கர்ணனுக்கு. கர்ணன் யார் என்கிறீர்களா? என் மாமனார்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நகர் 1970-களில் வீட்டுவசதி வாரியம் கோடு கிழித்துக் கட்டியது. முழுப் பெயர் கலைஞர் கருணாநிதி நகர். அப்படிச் சொன்னால் ஆட்டோக்காரரே ஒரு விநாடி யோசிப்பார். செக்டார் செக்டாராகப் பிரித்து, மரம் நட்டு, பூங்கா விட்டு, ஓர் ஒழுங்கோடு போட்ட நகர். அந்த ஒழுங்கு எங்கே தடுமாறுகிறதோ அங்கே வடபழனி ஆரம்பம். இந்தப் பக்கம் அசோக் நகர் தூண், அந்தப் பக்கம் விருகம்பாக்கம், சாலிகிராமம். சுற்றிலும் சினிமா உலகம். அதனால் எங்கள் தெருவில் ராவணன் ஸ்கூட்டரில் போனால்கூட யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதை நம்பி நான் பின்னால் ஒரு காரியம் செய்து அவமானப்பட்டேன். அதற்கு வருகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வருடா வருடம் பொங்கல் விழா உண்டு. கோலப் போட்டி, வாயில் கரண்டி வைத்து எலுமிச்சம்பழ ஓட்டம், கடைசியில் சுண்டல். இந்தத் தடவை சங்கச் செயலாளருக்குக் கலைத் தாகம் வந்துவிட்டது. "கவச குண்டல தானம்! அரை மணி நேர நாடகம். நான்தான் இந்திரன்" என்று அறிவித்தார். பொருத்தம்தான். மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய்ப் பராமரிப்புப் பணம் கேட்கிறவர் அவர். யாசகம் கேட்கும் வேடத்துக்கு ஒத்திகையே தேவையில்லை.

கர்ணனுக்குத்தான் ஆள் இல்லை. தானம் கொடுக்கிற பாத்திரம் என்றதும் எல்லாரும் நைசாக நழுவினார்கள். நிதி திரட்ட செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பால்கனி மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கர்ணனை நான் கட்டறேன்."

நானும் மனைவியும் ஒன்றாகத் திரும்பினோம். மாமா!

மாமாவுக்குச் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். எட்டு மாதத்துக்கு முன்னால் பைபாஸ் ஆபரேஷன். அதற்குப் பிறகு எங்களோடுதான் இருக்கிறார். கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சுவார்த்தை மொத்தம் இரண்டு வரி. "சாப்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா." ஆபரேஷனுக்கு அப்புறம் அதுவும் குறைந்தது. கிராமத்தில் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த மனிதர், மே மாத வெயிலிலும் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளித்துவிட்டு வரும்போது மார்பின் மேல் துண்டு. பேரன் "தாத்தா, ஜிப் காட்டுங்க" என்று ஒருநாள் கேட்டுவிட்டான். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

"அப்பா, டாக்டர் என்ன சொல்லியிருக்கார்?" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"முழு ராத்திரியா ஆடப்போறேன் பாப்பா? அரை மணி நேரந்தானே? இருபது வயசுல கர்ண மோட்சத்துக்கு விடிய விடிய ஆடினவன் நான்."

மாமா கூத்துக் கட்டியவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாம் வேஷம் 'போடுகிறோம்'. கூத்துக்காரர்கள் வேஷம் 'கட்டுகிறார்கள்'. இந்த வித்தியாசத்தின் அர்த்தம் புரிய எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

அன்று ராத்திரி மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, கவசம் ஒண்ணு வேணும். அட்டையில வேணாம். கழுத்துலேர்ந்து தொப்புள் வரைக்கும் மூடணும்." கொஞ்சம் நிறுத்தி, "அது தெரியக் கூடாது" என்றார்.

பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் பொருள். "நான் பார்த்துக்கறேன் மாமா" என்று மார்தட்டினேன். அட்டையாவது, ஜிகினாவாவது... அசல் வெண்கலத்திலேயே செய்துவிடுவது என்று முடிவு.

இந்தத் தைரியத்துக்குக் காரணம் கிரேக்கர்கள்.

* * *

ஆபீஸில் வேலை இல்லாத ஒரு மத்தியானம் படித்த விஷயம் இது. 1960-ல் தென் கிரேக்கத்தில் தெந்திரா என்ற கிராமத்துக் கல்லறை ஒன்றைத் தோண்டினார்கள். உள்ளே ஒரு முழு வெண்கலக் கவசம். வயது ஏறக்குறைய 3,500 வருஷம். மார்பு, முதுகு, தோள், கழுத்து எல்லாவற்றுக்கும் தனித்தனித் தகடு. கனம் ஒரு மில்லிமீட்டர் அளவு. பார்த்தால் பெரிய அண்டாவுக்குள் மனிதன் இறங்கி நிற்பது போல இருக்கும். 'இதைப் போட்டுக்கொண்டு யார் சண்டை போட முடியும்? ஊர்வலத்துக்கு அணிந்திருப்பார்கள்' என்று அறிஞர்கள் பல வருஷம் வாதாடினார்கள்.

2024-ல் தெசலி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விவாதத்தை ஓரங்கட்டிவிட்டு, அதே மாதிரிக் கவசத்தைக் கிரேக்க ராணுவ வீரர்கள் 13 பேருக்கு மாட்டிவிட்டார்கள். எடை இருபது கிலோவுக்கு மேல். எப்படிச் சண்டை போட வேண்டும் என்பதற்கு வழிகாட்டி? ஹோமரின் இலியட் காவியம்! ஈட்டி எறிவது, தேரிலிருந்து குத்துவது, ஓடுவது, ஒதுங்குவது என்று காவியத்தில் வருகிறதையெல்லாம் பட்டியல் போட்டு, 11 மணி நேரம் ஆட விட்டார்கள். சாப்பாடுகூடக் காவியச் சாப்பாடு. ரொட்டி, மாட்டிறைச்சி, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், வெங்காயம், கொஞ்சம் ஒயின். பதின்மூன்று பேரும் தாக்குப்பிடித்துவிட்டார்கள். அது ஊர்வலக் கவசம் அல்ல, போர்க் கவசமாகவே பயன்பட்டிருக்க முடியும் என்று முடிவு சொன்னார்கள்.

ஹோமரை வைத்துக்கொண்டு அவர்கள் இவ்வளவு செய்தால், வில்லிபுத்தூராரை வைத்துக்கொண்டு நான் ஒரு மார்புக் கவசம் செய்ய மாட்டேனா?

வில்லி பாரதத்தைப் புரட்டினேன். உரையோடு சேர்த்துப் புரட்டினேன். கர்ணனின் கவசம் உடம்போடு பிறந்தது. சூரியன் மாதிரி ஒளிவிடுவது. அவ்வளவுதான்! எத்தனை அங்குலம், எந்த கேஜ், வார் முன்னால் கட்டுவதா பின்னால் கட்டுவதா... ஒரு விவரமும் இல்லை. கூடவே பிறந்த சாமானுக்கு வார் எதற்கு என்பதும் நியாயம்தான்.

ஹோமர் மட்டும் பெரிய விவரம் கொடுத்தாரா என்று பார்த்தேன். அக்கிலீஸுக்கு தேவலோகக் கொல்லன் ஹெபேஸ்டஸ் ஆயுதம் செய்து கொடுக்கும் இடம் பிரசித்தமானது. கேடயத்துக்கு மட்டும் நூறு வரிக்கு மேல். அதில் இல்லாத ஊர் இல்லை, கல்யாணம் இல்லை, வயல் இல்லை. மார்புக் கவசத்துக்கு? ஒரே வரி. நெருப்பை விடப் பிரகாசம், முடிந்தது!

ஆனால் இரண்டு இடத்தில் ஹோமர் தையல்காரர் மாதிரி பேசுகிறார். ஒரு தலைக்கவசம் வருகிறது. காட்டுப்பன்றிக் கொம்பை வரிசை வரிசையாகப் பதித்தது. உள்ளே தோல் வார், அதற்கும் உள்ளே கம்பளி மெத்தை என்று பாகம் பாகமாகச் சொல்கிறார். பூமியைத் தோண்டியபோது அதே போலப் பன்றிக்கொம்புத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. ஹோமர் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்திய சாமான்! பாட்டு பத்திரமாக வைத்திருந்து கொடுத்திருக்கிறது. இன்னோர் இடம், அக்கிலீஸ் புதுக் கவசத்தைப் போட்டுக்கொண்டதும் கை கால் தாராளமாக அசைகிறதா என்று அசைத்துப் பார்ப்பது. ரெடிமேட் கடைக் கண்ணாடி முன்னால் நாம் செய்கிற அதே வேலை. இந்த இரண்டாவது இடத்தை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் ஒரு போனஸ் மிச்சமாகியிருக்கும்.

* * *

முதல் ஞாயிறு. வடபழனியில் நாடகச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு கடை. மாடிப்படி ஏறும்போதே நாப்தலின் உருண்டை வாசனை. ஒரு பக்கம் எமதர்மன் கதைகள் அடுக்கு அடுக்காக. இன்னொரு பக்கம் கிரீடங்கள், இட்லித் தட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி சீஸன். ஒரு குட்டி பாரதியார் மீசை ஒட்ட மாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தார்.

"கர்ணன் கவசம் வேணும்" என்றேன்.

"எந்தக் கர்ணன் சார்?" என்றார் கடைக்காரர்.

"எத்தனை கர்ணன் இருக்கு?"

"சிவாஜி கர்ணனா, டி.வி. கர்ணனா?"

விளக்கினார். பி.ஆர். பந்துலு 1964 பொங்கலுக்கு வெளியிட்ட படம் சிவாஜி கர்ணன். 2012-ல் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்டார்களே, அப்போது பேரப்பிள்ளைகளும் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்தக் கர்ணனுக்கு நகையும் கவசமும் சேர்ந்து ஒரு கம்பீரம். டி.வி. கர்ணன் வேறு ரகம். 2013-ல் இந்தியிலிருந்து தமிழ் பேசி வந்த மகாபாரதத்துக்குப் பிறகு எல்லாரும் மடிப்பு மடிப்பாக வயிற்றுத் தசை தெரிகிற கவசம்தான் கேட்கிறார்களாம். "உள்ளே தொப்பை இருந்தாலும் மேலே சிக்ஸ் பேக் சார்" என்று ஒன்றைத் தட்டிக் காட்டினார். டொக் டொக். ஃபைபர்.

"ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' போட்ட காலத்துல மேடையில ராஜா வந்தா ஜனங்க கண்ணு கூசும் சார். இப்ப எல்லாம் வெயிட்டு இல்லாம கேக்கறாங்க" என்று பெருமூச்சு விட்டார்.

எனக்கு வெயிட்டுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இரண்டாவது ஞாயிறு. வெண்கலத் தகடு தேடிப் பாரிமுனைப் பக்கம் போனேன். உலோகக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வெண்கலம் செம்பும் தகரமும் சேர்ந்தது. தகரம் கூடினால் மணி மாதிரி கணீரென்று ஒலிக்கும், சம்மட்டி அடித்தால் விரிசல் விடும். பித்தளை செம்பும் துத்தநாகமும். அடித்தால் வளைந்து கொடுக்கும். "குத்துவிளக்கு செய்ய வார்ப்பு, குடம் செய்யத் தகடு. நீங்க செய்யறது குடம் மாதிரிதான் சார்" என்றார். கர்ணன், குடம் என்று குழம்பிப்போய் பித்தளைத் தகடே வாங்கினேன். கிரேக்கர் கணக்குப்படி ஒரு மில்லி கனம். சதுர அடிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் நிற்கும். எட்டு சதுர அடி!

அடிக்க ஆள்? எங்கள் தெருக்கோடியில் கார் டிங்கரிங் கடை இருக்கிறது. லாரி இடித்த பம்பரைக் குழந்தை கன்னம் போல ஆக்கிவிடுவார். அவர்தான் என் ஹெபேஸ்டஸ்.

"கர்ணனுக்குச் செய்யணும்" என்றேன்.

"இன்னா மாடல் சார்?" என்றார், வண்டி என்று நினைத்து.

விஷயம் புரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னை நிற்க வைத்து, கார்க் கதவுக்கு அளவெடுப்பது போல இன்ச் டேப் போட்டார். மாமாவும் நானும் ஒரே உடல்வாகு. அவருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று என் அளவிலேயே கொடுத்தேன். ஒரு வாரத்தில் முன் பாதி, பின் பாதி, பக்கவாட்டில் கீல், கொக்கி. பாலீஷ் வேறு. தெருவில் வைத்தபோது சூரியன் அதில் இறங்கிவிட்டார். வில்லிபுத்தூரார் பொய் சொல்லவில்லை!

எடை ஆறரைக் கிலோ. கிரேக்கர்கள் 11 மணி நேரம் தாங்கினார்கள். நாம் அரை மணி நேரம் தாங்க மாட்டோமா? மாமாவுக்கு மாட்டும் முன் நானே சோதனை செய்துவிடத் தீர்மானித்தேன்.

மூன்றாவது ஞாயிறு, காலை ஐந்தரை. மேலே ஒரு சால்வை, உள்ளே கவசம். சிவன் பூங்காவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவதாகத் திட்டம். முதல் நூறு அடி கர்ணன் மாதிரிதான் நடந்தேன். அப்புறம் கழுத்து விளிம்பு தாடைக்குக் கீழே உராய ஆரம்பித்தது. கொக்கி, விலா எலும்பில் கதவைத் தட்டியது. பெருமூச்சு விடலாம் என்றால் விட இடமில்லை. பாதி மூச்சில் தகடு வந்து இடிக்கிறது! சால்வை நழுவிவிட்டது. பெஞ்சில் உட்காரப் போனேன். உட்கார முடியவில்லை. கீழ் விளிம்பு தொடையில் முட்டி, கவசம் அப்படியே மேலே ஏறி, முகம் பாதி உள்ளே போய்விட்டது. ஆமை!

ஒரு நாய் மட்டும் என்னை உண்மையான எதிரியாக மதித்துக் குரைத்தது. நடைப்பயிற்சிக் கும்பல் கண்டுகொள்ளவே இல்லை. ஆட்டோக்காரர் ஒருவர் வாசலில் மறித்து, "ஷூட்டிங் எங்க சார்? யாரு ஹீரோ?" என்றார். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காமெடி டிராக்கா?" என்றார்.

வீட்டுக்கு வந்து கழற்றினால் மார்பின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. இதையா எட்டு மாதத்துக்கு முன்னால் எலும்பைப் பிளந்து கம்பி போட்டுத் தைத்த நெஞ்சின் மேல் மாட்டப் போனேன்?

* * *

நான்காவது ஞாயிறு மயிலாப்பூர். மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், சாமிக்குக் கவசம் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று டிங்கரே சொல்லி அனுப்பினார். தன் தோல்வியை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை!

யோசித்துப் பாருங்கள். உலகத்தில் பல இடங்களில் கவசத்தை மியூசியக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் பார்க்க முடியும். நம் ஊரில் இன்றைக்கும் ஆர்டர் கொடுத்து அளவெடுத்து அடிக்கிறார்கள். வெள்ளிக் கவசம், தங்கக் கவசம், அனுமாருக்குச் செப்புக் கவசம். மெழுகிலோ களிமண்ணிலோ மூலவரின் உருவத்தைப் பிரதி எடுத்து, அரக்கைக் காய்ச்சிப் பரப்பி, அதன்மேல் தகட்டைப் பதித்து, சின்னச் சின்ன உளியால் தட்டித் தட்டி முகம் கொண்டுவருகிறார்கள். தகடு அடி வாங்கி இறுகிப்போனால், நெருப்பில் சிவக்கக் காட்டி ஆற வைத்தால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். முகத்துக்கும் ஆயுதத்துக்கும் லட்சணம் சொல்வது தியான சுலோகம். அதாவது பாட்டைப் பார்த்துக் கவசம் செய்கிற தொழில்! நான் தேடிய ஆசாமி இவர்தான்.

பெரியவர் என் ஆறரைக் கிலோவை வாங்கித் தரையில் வைத்தார். விரலால் ஒரு தட்டு தட்டினார்.

"யாருக்கு இது? கல்லுக்கா, மனுஷனுக்கா?"

"மனுஷனுக்குத்தான் ஐயா."

"கல்லு மூச்சு விடாது தம்பி. நான் ஒரு தடவை அளவெடுத்தா நூறு வருஷத்துக்கு அதே அளவு. மனுஷன் நெஞ்சு நிமிஷத்துக்குப் பதினஞ்சு தடவை அளவு மாறுது. நீங்க எந்த மூச்சுல அளவெடுத்தீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கிரேக்கக் கவசத்தின் படத்தைச் செல்போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "பாருங்க, இவன் தெரிஞ்சவன். இடுப்புக்குக் கீழே ஒரே தகடா போடல. மூணு பட்டை, ஒண்ணுமேல ஒண்ணு ஏறி இருக்கு. தோல் வார்ல தொங்குது. குனிஞ்சா மடங்கும், நிமிந்தா விரியும். சாமிக்குச் செய்யல இவன். யாரோ ஒரு ஆளுக்குச் செஞ்சிருக்கான்" என்றார்.

பல வருஷ அறிஞர் விவாதத்தைச் சந்துக்குள் உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் தீர்த்துவிட்டார்!

"போட்டுக்கிறவரைக் கூட்டிட்டு வாங்க. அளவு அவர் உடம்புலதான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது வடபழனியில் இறங்கி டீ குடித்தேன். 1890 வாக்கில் ஓலைக் கொட்டகையாக ஆரம்பித்த முருகன் கோயில் இப்போது எங்கள் பேட்டைக்கே தலைமை. டீக்கடை ரேடியோவில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். ஆயிரம் தடவை கேட்டதுதான். அன்றைக்கு டிங்கரின் இன்ச் டேப் ஞாபகத்தோடு கேட்டேன். கண், காது, மூக்கு, பல், கழுத்து, மார்பு, தோள், பிடரி, விலா, இடுப்பு, முழங்கால், பாதம்... தேவராய சுவாமிகள் ஓர் இடம் விடவில்லை. பல்லுக்கும் விலாவுக்கும் எண்ணிக்கைகூடச் சொல்லிவிடுகிறார். பாட்டில் அளவு இல்லை என்று அலைந்தேனே! எந்த இடமெல்லாம் வலிக்கும் என்ற பட்டியல் இருக்கிறது. உடம்பின் மேல் கவலை உள்ளவர் போட்ட பட்டியல். பதிற்றுப்பத்துப் புலவர்கள் சேர மன்னனை 'மெய்ம்மறை' என்று கூப்பிட்டார்கள். படைவீரர்களுக்குக் கவசம் போன்றவன் என்று அர்த்தம். உடம்பை மறைத்துக் காப்பது.

மறைப்பது சரி. மாமாவை அளவெடுக்கக் கூப்பிட வேண்டும். சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும். அதை யார் சொல்வது?

* * *

நான்தான் சொன்னேன். அன்று ராத்திரி மொட்டை மாடியில். முதலில் பூங்காக் கதையைச் சொன்னேன். ஆமை, நாய், காமெடி டிராக், ஒன்று விடாமல். மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் பட்டனை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

கழுத்துக் குழியிலிருந்து கீழே ஒரு சாண். பளபளவென்று, நேர்கோடாக.

"தொட்டா வலிக்குமா மாமா?"

"இல்ல. ஆனா எதனா அதுமேல உரசினா திறந்துக்குமோன்னு ஒரு இது."

பிறகு அவர்தான் பேசினார். கூத்தில் கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் மரமாம். கல்யாண முருங்கை மரம். தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். விடிய விடியக் கிறுகிறு என்று சுற்றி ஆடுகிறவனுக்கு வெண்கலம் ஆகுமா? மேலே வண்ணம், கண்ணாடிச் சில்லு, ஜிகினா. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் கிலோக் கணக்கில் தங்கம். "கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவோம் மாப்பிள்ளை. எந்த முடிச்சு எங்க வரணும்னு வாத்தியார் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் கட்டுவார். கட்டி முடிச்சா நான் இல்ல, கர்ணன்." விருகம்பாக்கத்தில் பல வருஷம் இயங்கிய கூத்துப்பட்டறையையும், 1977-ல் அதை ஆரம்பித்த ந. முத்துசாமி புரிசைத் தம்பிரான்களின் கூத்தைப் பார்த்து மயங்கியதையும் சொன்னேன். "புரிசை எங்க பக்கந்தானே!" என்றார் பெருமையாக. மணி பன்னிரண்டு. பன்னிரண்டு வருஷப் பேச்சு அன்றைக்கு முடிந்தது.

ஐந்தாவது ஞாயிறு மாமாவையும் அழைத்துக்கொண்டு மயிலாப்பூர். பெரியவர் நூலால் அளவெடுத்தார். மூச்சை இழுக்கச் சொல்லி ஒரு முடிச்சு, விடச் சொல்லி ஒரு முடிச்சு. தழும்பைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "நடுவுல ஒரு விரல் உயரம் குழிச்சுடறேன். தகடு அங்க படாது" என்று மட்டும் சொன்னார். இருபத்தெட்டு கேஜ் மெல்லிய பித்தளை. முன்பக்கம் மட்டும். மூன்று பட்டை, தோல் வார், உள்ளே கம்பளி. தோளுக்கு மாமாவின் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்த புஜக்கட்டை. மொத்தம் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. தெந்திரா பாதி, செய்யாறு பாதி!

"மாமா, கடைசியில இதைக் கழட்டி இந்திரனுக்குக் கொடுக்கணுமே?" என்று ஞாபகப்படுத்தினேன்.

"உள்ள பனியன் போட்டுக்கறேன்" என்றார்.

* * *

பொங்கல் விழா. சுண்டலுக்கு முந்தைய நிகழ்ச்சி. கர்ணன் மேடைக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். ஃபோகஸ் விளக்கு மார்பில் பட்டு முன் வரிசைக் குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை நாள்? மைக்கே தேவைப்படவில்லை. இந்திரனுக்குத்தான் வசனம் மறந்துவிட்டது. "கவசத்தைக் கொடு" என்பதற்குப் பதில் பழக்க தோஷத்தில் "இந்த மாசத்து..." என்று ஆரம்பித்துத் திருத்திக்கொண்டார்.

கர்ணன் வாரை அவிழ்த்தார். ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு. கவசம் கையோடு வந்தது.

உள்ளே பனியன் இல்லை.

யாரும் சத்தம் போடவில்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா நேராக நின்று கவசத்தை இரண்டு கையாலும் நீட்டினார். விளக்கு இப்போது தழும்பின் மேல். முன் வரிசையிலிருந்து என் பையன் உரக்கச் சொன்னான்: "எங்க தாத்தா!"

பின்னால் ஒருநாள் வியாச பாரதத்தின் வன பர்வத்தைப் படித்தேன். அங்கே கர்ணன் கவசத்தை அறுத்துக் கொடுக்கச் சம்மதித்துவிட்டு இந்திரனிடம் ஒன்று கேட்கிறான். அறுத்த பிறகு என் உடம்பு விகாரமாகத் தெரியக் கூடாது என்கிறான். இந்திரன் அப்படியே ஆகட்டும், தழும்பு இருக்காது என்று வரம் கொடுக்கிறான். கர்ணனுக்கே அந்தக் கவலை இருந்திருக்கிறது! மாமாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "வரம் கேக்காமலே கொடுத்துட்டேனே மாப்பிள்ளை" என்றார். பால்கனியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். சட்டை தோளில் கிடந்தது.

ஒரே ஒரு குறை. கவசத்தை வாங்கிக்கொண்டு போன செயலாளர் இன்றுவரை திருப்பித் தரவில்லை. வீட்டு வரவேற்பறையில் மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டு வாங்கி வருகிறேன் என்று இரண்டு தடவை கிளம்பினேன். மாமா விடவில்லை.

"தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேக்கலாமா மாப்பிள்ளை? நீங்க சாப்டீங்களா?"

என் ஆறரைக் கிலோ மட்டும் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. மனைவி கவிழ்த்துப் போட்டு ரோஜாத் தொட்டி வைத்திருக்கிறாள். நன்றாக வருகிறது.